'புலி எங்கே?' ஆப்பின் கடைசி வரி

ஒரு காட்டில், அதுவும் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற காட்டில், சடையப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். 'புலி எங்கே?' என்று ஒரு ஆப் எழுதி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தான். புலி கழுத்தில் வனத்துறையார் மாட்டிய ரேடியோ பட்டையை வைத்து, அது எந்தக் குளத்துப் பக்கம் இருக்கிறதென்று ஆப் சொல்லிவிடும். வேறு குளமாகப் பார்த்துப் போய்த் தண்ணீர் குடிக்கலாம். புண்ணியவான்!

கோடை தொடங்குகிற நேரம் பார்த்து ஆப் கெட்டது. நேற்றுப் புலி இருந்த குளத்தையே இன்றும் காட்டியது. போதாக்குறைக்கு, சடையப்பனின் வளை இடிந்து விழுந்து மனைவி வள்ளிக்கண்ணுவுக்குக் கால் முறிந்தது. கஷ்டத்தை வெளியே சொன்னால் கௌரவம் என்னாவது? குரூப்பில் யார் கேட்டாலும், "இதோ ஆச்சுங்க, நாளைக்குச் சரியாயிரும்" என்றே சொல்லிவந்தான்.

அதை நம்பி மறுநாள் மரகதம் என்ற மான், புலி இல்லையென்று ஆப் சொன்ன குளத்துக்குப் போனாள். புலி அங்கேயே உட்கார்ந்திருந்தது. உயிர் தப்பியது, வால் தப்பவில்லை.

"உன் வார்த்தையை நம்பித்தானே அண்ணே போனேன்?" என்று அவள் வந்து அழுதபோது, சடையப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்கே குரூப்பில் எல்லாவற்றையும் எழுதிவிட்டான். வளை இடிந்தது, வள்ளிக்கண்ணு படுக்கையில் கிடப்பது, ஆப் எப்போது வருமென்று தனக்கே தெரியாதது. கடைசி வரியில், 'மண்ணை அள்ள ஆள் கிடைத்தால் சீக்கிரம் முடிப்பேன்' என்றும் சேர்த்தான்.

முயல் அழுகிற பொம்மை போட்டது. யானை, "உங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்" என்றது. நரி, "அண்ணியைப் பாருங்கண்ணே, ஆப் மெதுவா வரட்டும்" என்று எழுதிய கையோடு, "வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சிருமா?" என்றது. மண்ணை அள்ள ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

புலி வந்தது. சடையப்பன் முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றான்.

"பயப்படாதீங்க தம்பி. கடைசி வரி படிச்சேன், வந்தேன். மண்வெட்டி எங்க?"

"உங்களுக்கு எதுக்குங்க இந்த ஆப்?"

"நல்லாக் கேட்டீங்க! அது கெட்டதுலேருந்து ஒரு பயலும் வெளிய வரமாட்டேங்கறான். பசி காதை அடைக்குது. நான் எந்தக் குளத்துல இல்லைன்னு காட்டுங்க, போதும். போற வழியை எவன் பார்க்கப்போறான்?"

புலி மண்ணை அள்ளியது. கஞ்சி காய்ச்சியது. வள்ளிக்கண்ணுவுக்கு விசிறிவிட்டது. "இத்தனை பேர் இருந்து, ஒரு வாய்க் கஞ்சி கொடுக்க இவருதான் வந்தாரு" என்று அவள் கண் கலங்கினாள்.

ஆப் சரியானது. இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்த சடையப்பன், அறிவிப்பின் கடைசி வரியில், 'புலியார் வழியில் காத்திருப்பார், ஆற்றோரமாகச் சுற்றிப் போகவும்' என்று எழுதினான். எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டுவிட்டு நேர்வழியில் கிளம்பினார்கள். வாலில்லாத மரகதம் மட்டும் ஆற்றோரமாகப் போனாள்.

அந்த வரியைப் புலியும் படித்தது. கொஞ்சம்கூடக் கவலைப்படாமல் நேர்வழிக்கே போய் உட்கார்ந்துகொண்டது.

நீதி: தாமதத்தையும் கஷ்டத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள், பசியோடு இருக்கிற ஒருவராவது கடைசி வரி வரை படிப்பார்.