படிக்கட்டு கட்டிய தொழுவம்

மாடு புதுத் தொழுவத்தின் வாசலிலேயே நின்றுவிட்டது. முன்னால் வீட்டுக்காரரின் மனைவி புல்லுக்கட்டைக் காட்டிக் கெஞ்சினாள். பின்னால் மேஸ்திரி தோள் கொடுத்துத் தள்ளினார். கொம்பு மேல்கட்டையில் இடித்தது. மாடு ஒரு அடி எடுத்து வைப்பேனா என்றது.

"வாசலை ஒரு முழம் உயர்த்திடலாம் சார்," என்றார் மேஸ்திரி.

"கூடவே கூடாது. எங்கப்பா தொழுவத்துல வாசல் இவ்வளவுதான்."

சாருக்கு ஊரில் பெயர் படிக்கட்டு. வரைபட அலுவலகத்தில் மற்றவர்கள் கட்டடம் வரைய, இவர் முப்பது வருஷம் அதற்குப் படிக்கட்டு மட்டும் வரைந்தார். ஓய்வு பெற்றதும் மலைச்சரிவில் துண்டு நிலம் வாங்கி, வாழ்நாளில் முதன்முறையாக முழுசாக ஒரு கட்டடம் வரைந்தார். நாலு வயதில் விட்டுவந்த அப்பாவின் தொழுவம்! வெளியே மழை, கீழே வைக்கோல், கழுத்தில் மாட்டின் சூடான மூச்சு, முதுகில் அம்மாவின் கை. பிறகு எத்தனையோ மெத்தைகளில் படுத்துப் பார்த்துவிட்டார். அந்தத் தூக்கம் மட்டும் திரும்பி வரவே இல்லை. கண்ணை மூடுவதற்குள் அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஏக்கம்.

ஆனால் மாடோ நிறைசினை. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

"வாசலை விடுங்க, தரையைத் தாழ்த்துங்க," என்றார் படிக்கட்டு.

தாழ்த்தினார்கள். உள்ளே இறங்க இரண்டு படி வந்துவிட்டது. படி என்றதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை, தானே அளந்து கோடு போட்டார். மாடு எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

"மாடு படி இறங்காதுங்க," என்றாள் மனைவி.

"நான் போட்ட படியில இதுவரைக்கும் ஒருத்தர் விழுந்தது கிடையாது!"

"அவங்களுக்கெல்லாம் ரெண்டே கால்."

படியை மூடிச் சரிவு போட்டார்கள். அன்று மாலைத் தூறலிலேயே மேட்டுத் தண்ணீர் பூராவும் சரிவு வழியாக உள்ளே வந்து, பள்ளத்துப் பக்கம் இருந்த தீவனத் தொட்டியில் இறங்கியது. வைக்கோல் மிதந்தது.

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அன்னிக்கே சொன்னேன் சார். மலையில கட்டினா மாட்டுக்குத் தலை மேட்டுப் பக்கம், வால் பள்ளத்துப் பக்கம். சாணி மூத்திரம் தானா கீழ ஓடிடும். நீங்க திருப்பி நிறுத்தணும்னீங்க."

"எங்கப்பா தொழுவத்துல ஜன்னல் பள்ளத்தாக்கைப் பார்த்துதான் இருந்துச்சு. எனக்குக் கண்ணுலயே நிக்குது."

"மாட்டுக்கு எதுக்கு சார் வேடிக்கை?"

பள்ளத்துப் பக்கம் கல்லும் மண்ணும் கொட்டித் தரையை உயர்த்தினார்கள். தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் நடுவில் குளம் கட்டியது. ஜன்னல் மாட்டின் முழங்காலுக்கு வந்துவிட்டது. கூரை கொம்புக்கு வந்துவிட்டது.

இவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று மாட்டுக்குத் தெரிந்துவிட்டது போலும். அது பாட்டுக்குக் கார் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் காலை பெருமழையில் கார் வெளியே நனைய, அங்கேயே கன்றும் போட்டது. தாயும் சேயும் சுகம். படிக்கட்டுக்குத்தான் முகமே இல்லை.

"இடிச்சுட்டு நேரா ஒண்ணு கட்டிடலாங்க," என்றாள் மனைவி மெதுவாக. மேஸ்திரி கடப்பாரையோடு தயாராக நின்றார். படிக்கட்டு வாசலை மறித்துக்கொண்டார். இடித்தால் அந்த மழையும் அம்மாவின் கையும் சேர்ந்தல்லவா போய்விடும்?

கன்று பார்க்க அக்கா வந்தாள். அவரைவிட எட்டு வயது மூத்தவள். அந்தக் காலத்துக்கு அவருக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி.

"அக்கா, நீயே பார்த்துச் சொல்லு."

யாரும் சொல்லாமலே அக்கா சரியான இடத்தில் குனிந்து நுழைந்தாள். சுவரைத் தடவினாள். ஜன்னலருகே உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அச்சு அசல் அப்படியே இருக்குடா!"

படிக்கட்டுக்கு நெஞ்சு விம்மியது. "கேட்டுக்கிட்டீங்களா மேஸ்திரி?"

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே போட்டார். "அப்புறம் ஏம்மா மாடு உள்ள வரமாட்டேங்குது?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாடு எப்படிப்பா வரும்? இது நாங்க குடியிருந்த வீடாச்சே! மழை வந்தா ஒழுகும்னு அம்மா இவனைத் தூக்கிக்கிட்டுத் தொழுவத்துக்கு ஓடிடுவா."