ஏழாம் எண் விண்ணப்பமும் தாழ்வாரத்தில் நின்ற வாரியமும்

அன்பும் கோபமும் நிறைந்த தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் நலம் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. மூன்று வாரமாக நான் எப்போது போன் செய்தாலும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "அவ குளிக்கிறா மச்சான்" என்கிறார். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், சாயங்காலமும் குளிக்கிறாய். ஒரு மனுஷி மூன்று வாரம் விடாமல் குளித்தால் அந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சமே வந்திருக்க வேண்டும். ஆகவேதான் இந்தக் கடிதம். கடிதத்தைப் பார்த்துக் குளிக்கப் போக முடியாது.

கடைசியாகப் பேசியபோது நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "சொந்த மாமா வாரியத்துல உக்காந்திருக்காருன்னுதான் பேரு. என் பொண்ணு விண்ணப்பம் வந்தப்ப ஒரு வார்த்தை பேசினா உன் வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்றாய். நியாயமான கேள்வி. பதில், அந்த நேரத்தில் நான் அறையிலேயே இல்லை என்பதுதான். எங்கே இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம் வாங்கி வந்திருக்கிறேன்.

வடக்கு வட்டாரச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிதி வாரியத்தில் நாங்கள் ஐந்து பேர். தலைவர் பல் டாக்டர். முப்பது வருஷம் தொழில் செய்த பழக்கத்தில், எல்லோரையும் வாயைத் திறக்க வைப்பார், யாரையும் பேச விடமாட்டார். தொழில்துறை சார்பில் ஏரிக்கரைச் சாயப்பட்டறை முதலாளி. வளர்ச்சியின் சார்பில் ஒரு கட்டிட காண்டிராக்டர். அவருக்கு வெறும் தரையைக் கண்டாலே மனசு கஷ்டப்படும். அறிவியலின் சார்பில் ஒரு பேராசிரியை, நம் குழந்தைக்குப் பாடம் எடுத்தவர். பொதுமக்கள் சார்பில் நான். எந்தப் பொதுமக்கள் என்று கேட்காதே. ரிட்டையரான ஸ்டேஷன் மாஸ்டர் யாராவது வீட்டில் சும்மா இருக்கிறாரா என்று விசாரித்திருக்கிறார்கள், உன் அண்ணி ஓடிப்போய் என் பேரைக் கொடுத்துவிட்டாள்.

எங்களுக்கு ஓட்டெடுப்பு கிடையாது. நடவடிக்கைக் குறிப்பு எழுதும் அம்மா ஒருவர் இருக்கிறார், மினிட்ஸ் அம்மா என்று கூப்பிடுவோம். இருபது வருஷ சர்வீஸ், இன்னும் உறுப்பினர் கிடையாது. அவர் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் உரக்க வாசிப்பார். அறையில் யாரும் எதிர்ப்புச் சொல்லாவிட்டால் அது நிறைவேறியது என்று அர்த்தம். பிறகு குறிப்பு வீடு வீடாகச் சுற்றுக்கு வரும், ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. எளிமையான ஏற்பாடு. அதை நான்தான் கெடுத்தேன்.

சேர்ந்த முதல் கூட்டத்திலேயே, ஒரு விண்ணப்பத்தோடு சம்பந்தமுள்ள உறுப்பினர் அது முடியும் வரை அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தேன். நாற்பது வருஷம் கொடியைப் பிடித்து நின்றவனுக்கு விதி இல்லாத அறையில் மூச்சு முட்டும். எல்லோரும் கை தட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கைதட்டலுக்குக் காரணம் நேர்மை இல்லை, தாழ்வாரம் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் கூட்ட அறையில் காற்றாடி ஓடாது. தாழ்வாரத்தில் நல்ல காற்று, சாய்வு நாற்காலி, போதாததற்கு டீயும் பிஸ்கட்டும் அங்கேதான் வைப்பார்கள். அதிலிருந்து உறுப்பினர்களுக்குப் பொங்கி வந்த மனசாட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். மண் பரிசோதனை விண்ணப்பம் வந்தால், "நான் மண்ணுலதானே வீடு கட்டுறேன்" என்று காண்டிராக்டர் எழுந்து போவார். காற்று மாசு வந்தால், "நானும் சுவாசிக்கிறேனே" என்று பேராசிரியை போவார். தலைவர் மட்டும் பதவி கருதி உள்ளேயே வியர்த்துக்கொண்டு இருப்பார்.

இப்படியிருக்கும்போதுதான் ஏழாம் எண் விண்ணப்பம் வந்தது. நம் குழந்தையுடையது. ஏரியில் கலக்கும் சாயத் தண்ணீரை வாரம் தவறாமல் இரண்டு வருஷம் எடுத்துச் சோதிப்பது, கரையோரக் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வருவது அதனால்தானா என்று பார்ப்பது. உன் வீட்டு ஃபிரிட்ஜில் பால் வைக்க இடமில்லாமல் அடுக்கியிருக்கிறாளே அந்த பாட்டில்கள், அதே விஷயம்தான். அன்றைக்கு அதுதான் கடைசி. நான் மற்ற ஆறு விண்ணப்பங்களையும் வரி விடாமல் படித்தவன். சொந்தக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை, ஏழில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மினிட்ஸ் அம்மா "எண் ஏழு" என்றதும் நான் எழுந்தேன். "என் தங்கச்சி பொண்ணு. நான் வெளிய போறேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லிவிட்டுப் போனேன். தாழ்வாரத்தில் நின்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு பிஸ்கட் எடுப்பதற்குள் கதவு திறந்தது. பேராசிரியை. "என் மாணவி சார், நான் உள்ள இருந்தா நல்லா இருக்காது." அவர் பின்னாலேயே பட்டறை முதலாளி. "ஏரி என் பட்டறைக்குப் பின்னாடிதானே சார்." அவர் பின்னால் காண்டிராக்டர். அவர் ஏரிக்குள்ளேயே பாதி கட்டிவிட்டாராம். கடைசியில் தலைவரும் வந்தார். "நீங்க ஏன் சார் வந்தீங்க?" என்றேன். "சின்ன வயசுல அந்த ஏரியிலதான் நீச்சல் கத்துக்கிட்டேன். அதுவும் சம்பந்தம்தானே?" என்று டீயை எடுத்துக்கொண்டார்.

ஐந்து பேரும் நின்றோம். விதிப்படி முடிவு ஆன பிறகுதான் உள்ளே போகலாம். நாங்கள் உள்ளே போனால்தான் முடிவு ஆகும். இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு எரிய, இரண்டு வண்டியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கிற கதை. என் சர்வீஸில் நடக்காதது என் ரிட்டையர்மெண்டில் நடந்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே மினிட்ஸ் அம்மா காலி நாற்காலிகளுக்கு விண்ணப்பத்தை முழுசாக, உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறார். பழக்கதோஷம் என்று தலைவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

நேரம் போக வேண்டுமே என்று பேச்சு ஏரிப் பக்கம் திரும்பியது. "ஏரிக்கு என்ன குறைச்சல்? ஒரு நாள் நீலம், ஒரு நாள் பச்சை, முகூர்த்த சீசன்ல சிவப்பு. வேற எந்த ஏரி இப்படிப் பளிச்சுன்னு இருக்கு?" என்றார் முதலாளி. "நீங்க அந்தத் தண்ணியக் குடிப்பீங்களா?" என்று பேராசிரியை கேட்டார். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கலர் சேர்த்த எதையும் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா." பிறகு என் தோளில் கை போட்டு, "உங்க மருமகள பறவை ஆராய்ச்சி பண்ணச் சொல்லுங்க. பறவைக்கு முதலாளி கிடையாது, யாருக்கும் மனஸ்தாபம் வராது" என்றார். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பிஸ்கட் தீர்ந்தது. தலைவருக்கு யாருக்கோ கடைவாய்ப் பல் பிடுங்க நேரமாகிவிட்டது. எல்லோரும் தாழ்வாரத்திலிருந்து அப்படியே படியிறங்கி வீட்டுக்குப் போனோம். முடிவே எடுக்காததால் ஏழாம் எண் அதோடு செத்தது.

தங்கச்சி, நான் உள்ளே இருந்து நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அந்த முதலாளி எதிர்த்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருக்கலாம். நேர்மையாக இருக்கிறேன் என்கிற பெருமையில் குழந்தையை அநாதையாக விட்டுவிட்டு பிஸ்கட் தின்றேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு வருஷம் ஆகும் என்கிறார்கள். அதனால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறேன்: பாட்டில்களையெல்லாம் கொட்டிவிட்டு அவளைப் பறவை பார்க்கச் சொல். இல்லை, மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கும் அந்தப் பேப்பர் கம்பெனி வேலையில் சேரச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பொய் சொல்லும்போது அவர் குரல் நடுங்குகிறது, நீயே போனை எடுத்தால் அவருக்குப் புண்ணியம். குழந்தைக்கு என் ஆசீர்வாதம், அது தவிர என்னால் அவளுக்கு எதுவும் செய்ய முடியவில்லை. உன் அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். என்னைத் திட்டியதை எழுதச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தாழ்வாரத்தில் நின்ற உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு, கிழித்து மறுபடி எழுதுகிறேன். பாட்டில்களைக் கொட்டாதே! வாரியக் குறிப்பு இப்போதுதான் கையெழுத்துக்கு வந்தது. அதில் இப்படி இருக்கிறது: "எண் ஏழு. முழுமையாக வாசிக்கப்பட்டது. அறையில் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. நிறைவேறியது." கீழே நாலு கையெழுத்து. எங்கள் வாரியத்தில் யாரும் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதில்லை. முதலாளியுடையதுதான் எல்லாவற்றிலும் பெரியது, அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறார். என் இடம் மட்டும் காலி.

மினிட்ஸ் அம்மாவுக்குப் போன் போட்டேன். "என்னம்மா இது, அறையில யாருமே இல்லையே?" என்றேன். "நான் எழுதினதுல எந்த வார்த்தை பொய்யின்னு சொல்லுங்க சார், அடிச்சிடறேன்" என்றார். மூன்று முறை படித்தேன், ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. "என் வீடு ஏரிக்கரையில சார். பேரனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. எல்லாரும் எழுந்து போனீங்க, என்னைப் பாத்து உனக்குச் சம்பந்தம் இருக்கான்னு ஒருத்தரும் கேக்கலையே" என்றார். போனை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினேன்.

ஆனால் விதி விதிதான், அதுவும் நானே கொண்டுவந்தது. சொந்தக்காரன் அறையில் இருக்கக் கூடாது. அதனால் குறிப்பையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போய், வாசல் படியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன்.