லேபிள் இல்லாத கிரனாஷ்

ஒயின் வகுப்பு முடித்துவிட்டு வந்த ஒருவனோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எவ்வளவு சிரமம் என்பதை என் மனைவி நித்யாவிடம்தான் கேட்க வேண்டும். குறட்டை விடுகிறவனாவது தூங்கும்போது மட்டும்தான் தொல்லை கொடுப்பான்.

நான் திருச்சியிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவன். பீர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் மதுவைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இருந்ததில்லை. அலுவலக நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார் என்பதற்காகச் சனிக்கிழமைகளில் ஒரு ஒயின் வகுப்பில் சேர்ந்தேன். கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன் (என் பொறியியல் பட்டம் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது). அன்றிலிருந்து குவீன்ஸ்டவுனில் இருக்கும் எங்கள் சின்ன வீட்டில் எதையும் மோந்து பார்க்காமல் நான் வாயில் வைத்ததில்லை. ஒருநாள் ரசத்தைத் தம்ளரில் சுழற்றி, வெண்மிளகு, ஈர மண், பின்னால் லேசாகப் புகையிலை என்று சொன்னேன்.

"அது புகையிலை இல்ல, பெருங்காயம்" என்றாள் நித்யா.

அந்தக் காலத்தில் எனக்குப் பிடித்திருந்த பித்து ஒரே ஒரு ஒயின். கிரனாஷ் என்றொரு திராட்சை உண்டு. வெயிலும் மணலும் இருந்தால் போதும், நன்றாக வளரும். பிரான்சின் தெற்கே, ரோன் ஆற்றங்கரையில், ஒரு சிறிய தோட்டத்தில் அதை மட்டுமே வைத்துச் சிவப்பு ஒயின் செய்கிறார்கள். பார்த்தால் தண்ணீர் கலந்ததுபோல வெளிறிய நிறம். குடித்தவர்களோ, குடித்த நாளைக் கல்யாண நாளைப்போல நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்குக் கொஞ்சம்தான் செய்வார்கள். சிங்கப்பூருக்கு வருவது அதிலும் கொஞ்சம். காத்திருப்போர் பட்டியலில் என் பெயரைப் போட்டுவிட்டு, கடைக்காரருக்குப் பொங்கலுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்பி, ஒருவழியாக ஒரே ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன்.

அதைத் திறக்க மனம் வரவில்லை. அதற்கென்று ஒரு குட்டி ஒயின் குளிர்பெட்டி வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்தேன். ஒற்றைப் பாட்டில் பெட்டிக்குள் அனாதையாகத் தெரிந்ததால், துணைக்கு இன்னும் நாலைந்து பாட்டில்கள் சேர்த்தேன். வாரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்த்து மூடுவேன். நித்யா அதற்கு 'தரிசனம்' என்று பெயர் வைத்தாள்.

இந்த ஒயினைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் ஊரில் ஒரு சின்னக் குழு வைத்திருந்தார்கள். அதன் தலைவர் திரு. லிம், ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். இன்னொருவர் டாக்டர் வசந்தி, பல் மருத்துவர். நாம் பேசும்போது கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பார். குழுவில் ஓர் இடம் காலியானது. உள்ளே போய்விட்டால் ஆண்டுதோறும் வருகிற பாட்டில்களில் பங்கு உண்டு. நான் இருவரையும் ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்கு அழைத்தேன். என் பாட்டிலைத் திறக்கப்போகிறேன் என்று சொன்னதும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

அன்று பிற்பகல் நானும் நித்யாவும் லிட்டில் இந்தியாவுக்குப் போய்த் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறியும், கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். என் மாமனார் வீட்டில் இருந்தார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று நித்யாதான் சாவியைக் கொடுத்திருந்தாள். மாமா ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பாசியையும் துருவையும் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் பிரிவு. ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கை ஓயவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் எதையாவது சுரண்டாமல் போகமாட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே தின்னர் வாசனை. (இதைக் கண்டுபிடிக்கச் சான்றிதழ் தேவைப்படவில்லை.) சாப்பாட்டு மேசையில் ஆறு பாட்டில்கள், உயரவாரியாக, பளபளவென்று நின்றன. ஒன்றில்கூட லேபிள் இல்லை. கழுத்தைச் சுற்றியிருந்த தகடும் இல்லை.

"எல்லாத்துலயும் பூஞ்சை புடிச்சிருந்துச்சி மாப்பிள்ளை" என்றார் மாமா. "ஆளுங்க வர்ற நேரம், பாத்தா என்னா நினைப்பாங்க? கோந்துதான் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சி. தின்னர் போட்டு எடுத்துட்டேன் லா." சிங்கப்பூர் வழக்கப்படி பேச்சை ஒரு 'லா'வில் முடிப்பார்.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பேன். மாமனாரிடம் கத்த முடியுமா? ரொம்ப நன்றி மாமா என்று என் வாய் தானாகச் சொன்னது. லேபிள்கள் எங்கே என்று மெல்லக் கேட்டேன். மாடியிலிருந்து நேரே கீழே போகும் குப்பைக் குழாயில் போட்டுவிட்டாராம்.

நித்யா என்னைத் தனியாக ஸ்டோர் ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "கார்க்குல பேர் அச்சடிச்சிருக்கும்ல? திறந்து பாத்தா முடிஞ்சுது" என்றாள்.

சரியான யோசனை. நான் யோசித்ததல்ல என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்குள் என் மூளையில் வேறொரு காட்சி ஓட ஆரம்பித்திருந்தது. லேபிளே இல்லாத ஆறு பாட்டில்கள். லிம் வியப்போடு பார்க்கிறார். நான் ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, இதுதான் அது என்று விரலை நீட்டுகிறேன். குழுவில் இடம் உறுதி. விபத்து என்று நினைத்தது வாய்ப்பாக அல்லவா வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு பூரிப்புகூட வந்துவிட்டது.

விருந்தாளிகள் வந்ததும் நடந்ததைச் சொன்னேன், என் திட்டத்தையும் சொன்னேன். லிம் என் மாமனாரைப் பார்த்தார். பிறகு பாட்டில்களைப் பார்த்தார். கார்க்கைப் பார்த்துவிடுவது உத்தமம் இல்லையா என்று தணிந்த குரலில் கேட்டார். லேபிளைப் பார்த்துக் குடிக்கிறவர்களுக்குத்தான் அதெல்லாம் என்றேன் நான். டாக்டர் வசந்தி என் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்க்குகளைக் கழற்றும் பொறுப்பு மாமாவுக்கு. நாங்கள் முதுகைக் காட்டி நிற்க, அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அந்தந்தப் பாட்டிலுக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து அதற்குள் கார்க்கை வைத்தார். அவர் மூக்குக்கண்ணாடி போடவில்லை, போட்டிருந்தாலும் பிரெஞ்சு தெரியாது. ஆக, விடை அங்கேயே மேசைமேல் தம்ளர்களுக்குள் இருந்தது. யாருக்கும் தெரியாது.

முதல் இரண்டு பாட்டில்களிலும் இருந்தது நல்ல கறுப்பு ஒயின். நிறத்தைப் பார்த்தே ஒதுக்கிவிட்டேன். மூன்றாவது வெளிறிய சிவப்பு. கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டேன்.

கிராஞ்சியில் பண்ணைகள் இருக்கும் பக்கம் மழை பெய்து ஓய்ந்தபின் போனால் ஒரு வாசனை வருமே, அதுதான் வந்தது. ஈர வைக்கோல், கோழிக் கூண்டு, கொஞ்சம் பழைய தோல் செருப்பு. ஒரு வாய் குடித்தேன். ஒன்றுமே சொல்லவில்லை அந்த ஒயின். பழமும் இல்லை, பூவும் இல்லை.

"இது கெட்டுப்போச்சு. தேறாது" என்றேன்.

காற்றுப் படும்படி சற்று நேரம் வைத்துப் பார்க்கலாமே, தமக்கும் கொஞ்சம் ஊற்றுங்களேன் என்றார் லிம். அப்போதுதான் அடுப்படியிலிருந்து நித்யா எட்டிப் பார்த்தாள். ஒயின் விருந்துக்கு ஒயின் ஊற்றிய கறிதான் பொருத்தம் என்று நானே அவளை ஒரு வாரமாக நச்சரித்திருந்தேன். கறி முக்கால் பதம் வெந்துவிட்டது, எதை ஊற்றுவது என்று கேட்டாள்.

நான் அந்த மூன்றாவது பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன்.

"நிஜமாவா? இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்களேன்" என்றாள் நித்யா.

"நித்யா, என் மூக்கு பொய் சொல்லாது" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை என்று பின்னாளில் வாதாடிப் பார்த்திருக்கிறேன். மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள்.

கொதிக்கிற கறியில் பாட்டிலைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு விரல் அளவு மண்டியோடு நின்றதை மட்டும், கறியில் மண்டி எதற்கு என்று விட்டுவைத்தேன்.

நான்காவதும் கறுப்பு. ஐந்தாவது மறுபடி வெளிறிய சிவப்பு. மோந்தேன். அப்பப்பா, பழக்கூடையையே கவிழ்த்ததுபோல இருந்தது. ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, ரோஜா மிட்டாய், எல்லாம் வரிசையில் நின்று கைகுலுக்கின. ஆறாவதைத் தொடக்கூட இல்லை. "இதுதான்" என்று அறிவித்துவிட்டு எல்லோருக்கும் ஊற்றினேன். பிறகு பேச ஆரம்பித்தேன். மணலில் வேரூன்றிய முதிய கொடிகள், ரோன் ஆற்றுக் காற்று, வாயில் பட்டுப்போல விரிகிற தன்மை என்று நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. என் கண்கள் லேசாகக் கலங்கியதாக மாமா சொல்கிறார். அது வெங்காயம்.

லிம் ஒரு வாய் குடித்து, சுவாரசியமாக இருக்கிறது என்றார். டாக்டர் வசந்தி ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்து, ரொம்ப இனிப்பா இருக்கோ என்று மட்டும் கேட்டார். அது பழுத்த கிரனாஷின் இயல்பு என்று அவருக்கு விளக்கினேன்.

கறி வந்தது. முதல் கவளத்திலேயே லிம் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் வசந்தி இரண்டாம் முறை போட்டுக்கொண்டார், மூன்றாம் முறை யாரும் கேட்காமலே போட்டுக்கொண்டார். இப்படி ஒரு கறியை நான் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்றார் லிம். இதில் என்ன போட்டீர்கள் என்று நித்யாவைக் கேட்டார். கெட்டுப்போன ஒயினைத்தான் என்று அவளை முந்திக்கொண்டு நான் சொன்னேன்.

லிம் கண்ணைத் திறந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, கார்க்குகளைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

மாமா ஐந்தாவது தம்ளரைத் தூக்கினார். கார்க்கில் பெயரே இல்லை, ஒரு திராட்சைக் கொத்தின் படம் மட்டும். நித்யா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது கீழ சூப்பர்மார்க்கெட்ல ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீன்னு குடுத்தாங்க" என்றாள். "கறிக்கு ஊத்தலாம்னு வாங்குனேன். ஃபிரிட்ஜுல எடம் இல்லன்னு உங்க பெட்டிக்குள்ள வச்சேன்."

மூன்றாவது தம்ளரைத் தூக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. கடைசியில் லிம்தான் தூக்கினார். கார்க்கைத் திருப்பிப் படித்தார். எனக்கு முன்னால் வைத்தார். நான் வாரா வாரம் தரிசனம் செய்த பெயர் அதில் அழகாக அச்சாகியிருந்தது.

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். நாங்கள் இருந்தது ஒன்பதாவது மாடி. அவ்வளவு பேர் வீட்டைத் தாண்டி வர பூமிக்கும் சிரமமாக இருந்திருக்கும்.

பாட்டிலில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று டாக்டர் வசந்தி கேட்டார். மாமா போய் எடுத்துவந்தார். அந்த ஒரு விரல் ஒயினை, மண்டி கலங்காமல், ஐந்து பேருக்கும் சொட்டுச் சொட்டாக லிம் ஊற்றினார். அறுவைச் சிகிச்சை செய்வதுபோலச் செய்தார். அடுப்படி மேடையில் ஒரு மணி நேரம் காற்றுப் பட்டுக் கிடந்த அந்த ஒயின் இப்போது வேறாகியிருந்தது. பண்ணையைக் காணோம். காய்ந்த ரோஜா, காட்டு ஸ்ட்ராபெர்ரி, எங்கோ ஒரு ஓரத்தில் மிளகு. நாக்கை நனைக்கும் அளவுதான், ஆனால் விழுங்கிய பிறகும் போகாமல் நின்றது. நான் காலிக் கோப்பையைத் திரும்பத் திரும்ப மோந்துகொண்டிருந்தேன். இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த சந்தோஷத்தில் என் அவமானம்கூட ஒரு நிமிடம் மறந்துபோனது.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மட்டன்ல இன்னும் நல்லா இருந்துச்சி லா."

லிம்முக்குத் தமிழ் தெரியாது. டாக்டர் வசந்தி மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த அமைதியான மனிதர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

குழுவில் எங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. அழைப்பு நித்யாவின் பெயருக்கு வந்தது, கறியின் காரணமாக. என்னை உடன் அழைத்துவரலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. ஆனால் சில மாதங்களில் நானும் அங்கே தவிர்க்க முடியாத ஆளாகிவிட்டேன். புதிய பாட்டிலைத் திறந்தால் முதல் கோப்பை எனக்குத்தான் வரும். நான் முகத்தைச் சுளித்து, இது தேறாது என்று சொன்னால் எல்லோருக்கும் நிம்மதி. உடனே ஆளுக்கு ஒரு கோப்பையை நீட்டுவார்கள். நான் பிரமாதம் என்று சொல்லிவிட்டால் லிம் கவலையோடு கார்க்கைத் திருப்பிப் பார்ப்பார்.

இந்த வழக்கம் குடும்பத்துக்குள்ளும் பரவிவிட்டது. மாமா எல்லா விசேஷங்களிலும் இந்தக் கதையைச் சொல்கிறார் (அவர் சொல்லும்போது பாட்டில்கள் பன்னிரண்டு ஆகிவிடும்). நித்யாவின் தம்பி வீடு வாங்கப் போனபோது என்னைக் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை என்றதும் அன்றே முன்பணம் கட்டிவிட்டான். நல்ல வீடு, நல்ல காற்று, இன்னும் சந்தோஷமாக இருக்கிறான்.

போன தீபாவளிக்கு அந்த வீட்டில்தான் எல்லோரும் கூடினோம். மாமா கதையை முடித்து, மாப்பிள்ளை வேணாங்கிறது எல்லாமே தங்கம் லா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நித்யா மட்டும் சிரிக்காமல் யோசனையோடு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுதான்பா கவலை" என்றாள். "என்னப் பாத்த அன்னிக்கே, ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாரு."