இரண்டடிச் சுவருக்குள் ஒரு வரவேற்புரை

உலகில் கலைக்குத் தொண்டு செய்தவர்கள் மூன்று வகை: படைத்தவர்கள், ரசித்தவர்கள், வரவேற்புரை ஆற்றியவர்கள். மூன்றாமவர் இல்லாவிட்டால் முதல் இரண்டு வகையினரும் நேராகச் சந்தித்துவிடுவார்கள், நாடு தாங்காது.

இதில் அசையாத நம்பிக்கை கொண்டவர் ராஜசிங் சார். சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் சரித்திர வாத்தியார். 2006-ஆம் வருடத்து 'மாபெரும் கலைத் திருவிழா'வின் செயலாளர். நூற்றைம்பது வயதான கிறிஸ்தவ ஆலயத்தில் விழா. ஆலயத்தின் பெருமையை முப்பத்திரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

"பாதியாக் குறைங்களேன்" என்றார் மனைவி ரீனா.

"குறைச்சுத்தான் முப்பத்திரண்டு!"

ஞாயிறு மாலை நான்கு மணி. பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் சுப்புத்தாய், பாடுவதற்காக ஏழு பெண்களோடு வந்து நின்றாள். ஒரு மாதம் பழகிய பாட்டு.

"சார், தீபாவளி சீசன், லோடு நிக்குது. அஞ்சரைக்குக் கம்பெனி வேன் வந்துரும். எங்க பாட்டை முதல்ல வச்சிருவீகளா?"

"கலைக்கு அவசரம் ஆகாதும்மா. வரவேற்புரை அஞ்சே நிமிசம்" என்று சார் அருளினார்.

நாலரைக்கு அவர் ஏழாம் பக்கத்தில் இருந்தார். "இந்தச் சுவரின் கனம் இரண்டடி! வெளியே என்ன நடந்தாலும் உள்ளே கேட்காது!" என்று முழங்கினார். சரித்திரம் பொய் சொல்லாது.

பதினைந்தாம் பக்கத்தில், இரண்டடிச் சுவரையும் மீறி, வெளியிலிருந்து பலத்த கைதட்டல் மட்டும் கேட்டது. 'இடம் கிடைக்காத மக்கள் வாசலில் நின்று கேட்கிறார்கள்' என்று சாருக்கு நெஞ்சு நிறைந்தது. காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் குரலை உயர்த்தினார். இருபத்திரண்டாம் பக்கத்தில் விசிலே பறந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை வாசித்தார்.

முப்பத்திரண்டையும் முடித்துவிட்டு, "இப்போது சுப்புத்தாய் குழுவினர்..." என்று நிமிர்ந்தார். ஆலயத்தில் ரீனா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் எங்க?"

"வெளிய வேப்பமரத்தடியில. மைக் செட் ஜாபர் சாதிக் தம்பி வெளி ஸ்பீக்கரை சுப்புத்தாய் மைக்குக்கு மாத்திவிட்டுட்டாரு. பாடி முடிச்சு வேன்ல ஏறிட்டாக."

"அப்போ அந்தக் கைதட்டல்?"

"பாட்டுக்கு."

சார் மேடைப் படியில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு பக்கத்தையும் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ மட்டும் ஏன் போகல?"

"ஒருத்தராவது உக்காந்திருந்தாத்தானே நீங்க பேசிக்கிட்டு இருப்பீக? சுப்புத்தாய் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டா."

"பாட்டு எப்படியாம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஊர்ல அதைக் கேக்காதது நாம ரெண்டு பேருதான்."

மறுநாள் செயலாளர் என்ற முறையில் நடவடிக்கைப் புத்தகத்தில் அவரே தம் கைப்பட எழுதினார்: 'விழா இனிதே நடைபெற்றது. கலைக்கு இடையூறு விளைவிக்கக்கூடிய ஒரே நபர், நிகழ்ச்சி முடியும்வரை, மேற்படி பழம்பெரும் கட்டடத்தினுள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தார்.'