ஓடாத மோட்டாருக்கு ஒரு சான்றிதழ்

ஏரிக்கு இந்தக் கரையில் தையல்காரர் வீடு. அந்தக் கரையில் அவர் சம்சாரத்தின் அக்கா வீடு. நடுவில் தண்ணீர். பஸ்ஸில் சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம், படகில் நேராகப் போனால் இருபது நிமிஷம். அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் தங்கச்சி தினமும் போய் வந்தாள். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கித் தங்கச்சியின் முழங்காலும் அக்காவின் வழிக்கே போய்க்கொண்டிருந்தது.

அதனால்தான் தையல்காரர், மாமனார் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்த சின்ன மரப்படகை எடுத்து, எட்டு மாசம் பாடுபட்டு, ஓட்டை அடைத்து, வார்னிஷ் அடித்து, சம்சாரம் உட்கார மெத்தையும் தைத்துப் போட்டார். பாக்கி இருந்தது ஒரு மோட்டார். படகின் பின்னால் மாட்டி, கயிற்றை இழுத்துக் கிளப்புகிற மோட்டார். புதுசாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆனால் அந்த வருஷம் பழைய படகு மோஸ்தராகி இருந்தது. வசதியானவர்கள் பழைய படகு வாங்கிக் கட்டிவைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மோஸ்தர் என்று ஒன்று வந்தால் பின்னாலேயே ஆபீஸ் ஒன்று வந்துவிடும். ‘தொன்மைப் படகுகள் அங்கீகாரப் பிரிவு’ என்று போர்டு மாட்டினார்கள். பழைய படகுக்குப் பழைய மோட்டார்தான், அதற்கு நாற்பது வயசாவது ஆகியிருக்க வேண்டும், சான்றிதழ் இல்லாத படகு இந்தக் கரையில் ஆளை ஏற்றவும் கூடாது இறக்கவும் கூடாது என்று விதி போட்டார்கள்.

தையல்காரர் மெக்கானிக்கிடம் போனார். அங்கே மூன்று மோட்டார் இருந்தன. முதலாவதுக்கு நாற்பத்தைந்து வயசு. ஒரே இழுப்பில் கிளம்பும். இரண்டாவதுக்கு ஐம்பது, கொஞ்சம் கொஞ்சினால் கிளம்பும். மூன்றாவதன் வயசு யாருக்கும் தெரியாது. அதன்மேல் மெக்கானிக் துண்டு காயப் போட்டிருந்தார். இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தூக்கிப் போட ஆள் கிடைக்கவில்லை என்றார்.

தையல்காரர் அறிவுள்ள மனுஷர். முதலாவதை எடுத்து மாட்டினார். பிரிவு அலுவலர் வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மோட்டாரை மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்தார். தையல்காரர் கயிற்றை இழுத்தார். டபடபவென்று கிளம்பியது. அலுவலர் முகம் சுருங்கிவிட்டது.

“என்னங்க, ஓடுது?”

“ஆமா சார். அருமையா ஓடும்.”

“அதான் கேக்குறேன். நாப்பத்தஞ்சு வயசுல எனக்கே மாடி ஏறுனா மூச்சு வாங்குது. இது ஒரே இழுப்புல கிளம்புதுன்னா உள்ள புதுசா எதையோ போட்டிருக்கீங்க.”

“பிளக் ஒண்ணு மாத்துனாங்க சார். தேய்ஞ்சா மாத்தணும்ல.”

‘மேற்படி மோட்டார் இயங்குவதன் காரணமாக அதன் அசல் தன்மை ஐயத்திற்கு இடமாகிறபடியால் நிராகரிக்கப்படுகிறது’ என்று அலுவலர் எழுதினார்.

இரண்டாவது மோட்டார் பத்து இழுப்பு வரைக்கும் நல்ல பெயர் வாங்கியது. அலுவலர் தலையாட்டி ரசித்துக்கொண்டே இருந்தார். பதினோராவது இழுப்பில் பாழாய்ப்போனது கிளம்பித் தொலைத்தது.

மூன்றாவதை நாலு பேர் தூக்கிவந்து மாட்டினார்கள். தையல்காரர் முப்பது தடவை இழுத்தார். தோள்பட்டை கழன்று கைக்கு வந்ததே தவிர, மோட்டார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே சான்றிதழும் பித்தளைத் தகடும் கொடுத்தார்.

இது எப்படி அக்கரை போகும் என்று தையல்காரர் மெதுவாகக் கேட்டார்.

“போகணும்னு விதியில எங்கயாவது இருக்கா?”

“அப்ப துடுப்பு போட்டுக்கறேன் சார்.”

“மோட்டார் படகுன்னு பதிவாயிருக்கு. துடுப்பு போட்டா நீங்க பொய் சொன்னதா ஆயிடும்.”

மறுநாள் காலையில் சம்சாரம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து மெத்தையில் உட்கார்ந்தாள். அரை மணி உட்கார்ந்து பார்த்துவிட்டு எப்போது கிளம்பும் என்று கேட்டாள். சான்றிதழ் வந்துவிட்டது என்றார் இவர். “அப்ப அதைத் தபால்ல அக்காவுக்கு அனுப்பி வைங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

தையல்காரருக்கு வருத்தம்தான். ஆனால் தகடு வெயிலில் மின்னியது. வசதியானவர்கள் நின்று விசாரித்தார்கள். சார் என்றுகூட ஒருத்தர் கூப்பிட்டார். ஓடுகிற மோட்டார் வைத்திருந்தவர்கள் எல்லாம் கூச்சப்பட்டுக்கொண்டு மெக்கானிக் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். ஓட வைப்பது அரை நாள் வேலை, அசலாக நிற்க வைக்க ரெண்டு நாள் வேணும் என்று அவர் கெடு சொன்னார்.

அப்புறம் தொன்மைப் படகு ஊர்வலம் அறிவித்தார்கள். இருபத்தேழு படகு வந்தது. ஒன்றும் நகரவில்லை. அலுவலர் அசரவில்லை; படகுகள் நிற்கட்டும், ஊர்வலம் போகட்டும் என்றார். மேலதிகாரி முன்னால் நடக்க, ஜனங்கள் பின்னால் நடக்க, படகுகளைக் கடந்து ஊர்வலம் சிறப்பாக நடந்து முடிந்தது. ஒரு விபத்துகூட இல்லை என்று மைக்கில் பாராட்டினார்கள். தையல்காரரை ‘மதிப்புறு ஆய்வாளர்’ ஆக்கி, சட்டையில் வில்லை குத்தி, கையில் பதிவேட்டைக் கொடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஏரியில் டபடப சத்தம் கேட்டது. அக்கா புருஷன், அதாவது இவருடைய சகலை, ஒரு பழைய படகில் பழைய மோட்டாரோடு வந்து கரையை ஒட்டி நின்றார். புகை பட்டுப் படம் கெட்டுவிட்டதென்று கூட்டம் முகம் சுளித்தது.

“சகலை, அங்க அக்கா தனியா கிடக்கா. தங்கச்சியைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். தையல்காரர் குனிந்து வில்லையைப் பார்த்தார்.

“எத்தனை இழுப்புல கிளம்புச்சு?”

“ஒண்ணு.”

“உள்ள என்ன மாத்துனீங்க?”

“கெட்டுப்போனதை எல்லாம் மாத்துனேன்.”

“அப்ப ஆள் ஏத்த முடியாது சகலை.”

அது தன் குரல்தானா என்று தையல்காரருக்கே சந்தேகமாக இருந்தது. கூட்டத்தில் நின்ற சம்சாரத்துக்குச் சந்தேகம் வரவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் ஒரு பெரிய பையோடு திரும்பி வந்தாள். சகலையின் படகில் ஏறி, வெறும் பலகையில் உட்கார்ந்தாள். படகு போய்விட்டது.

அலுவலர் பக்கத்தில் வந்து பதிவேட்டைத் தட்டினார். “எழுதுங்க. அனுமதி இல்லாம ஏறுனவங்க திரும்பி வந்தா இந்தக் கரையில இறங்க விடக்கூடாதுன்னு சேர்த்து எழுதுங்க.”

“அது அவளுக்குத் தெரியும் சார்” என்றார் தையல்காரர். “துணிமணி மொத்தமும் எடுத்துட்டுத்தான் போயிருக்கா.”