தீவுக்குப் போக மழைக்காலம்தான் நல்லது

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலிங் சார் டீ கப்பை மேஜைமேல் 'ணங்'கென்று வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முடிவு பண்ணிட்டேன். இந்த வருஷம் நாம தீவுக்குப் போறோம்!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். கண் நிறையத் தண்ணீர். ஆனந்தக் கண்ணீரா, வெங்காயக் கண்ணீரா என்று அவருக்குப் புரியவில்லை.

"எப்போங்க?"

"நல்ல மழைக்காலமாப் பாத்து!"

அவர் ஏசி ரிப்பேர் செய்பவர். கொதித்துப் போய் போன் பண்ணுகிறவர்களைக் குளிரவைத்துக் குளிரவைத்தே தெரு முழுக்கக் 'கூலிங் சார்' ஆகிவிட்டார். வெயில் கொளுத்தினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் வெயில்காலம் வரும்போதெல்லாம், "ஒரு தடவை தீவுக்குப் போய்க் கடலைப் பாத்துட்டு வரலாங்க" என்று மனைவி ஆரம்பிப்பாள். "சீசன்ல எப்படிம்மா கடையை விட்டுட்டு வர்றது?" என்று அவர் முடித்துவிடுவார். இந்த வருஷம் அவள் விடவில்லை. "சரி, எப்ப முடியும்னு நீங்களே சொல்லுங்க" என்று பந்தை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவருடைய உண்மையான சிக்கல் கடை இல்லை, கடல். கல்யாணமான புதிதில், "நான் தண்ணியில இறங்கினா மீனெல்லாம் ஒதுங்கி வழி விடும்" என்று சும்மா ஒரு பேச்சுக்கு அளந்துவிட்டிருந்தார். நிஜத்தில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டினாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். தீவு என்றால் நாலு பக்கமும் தண்ணீர். ஓடவும் வழியில்லை, ஒளியவும் வழியில்லை.

அதனால்தான் மழைக்காலம். 'கொட்டுற மழையில யாராவது தீவுக்குப் போவாங்களா?' என்று அவளே மறுத்துவிடுவாள். 'நான் கூப்பிட்டேன், நீதான் வரலை' என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டலாம். அடடா, என்ன மூளை என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

"மழைக்காலத்துல என்னங்க விசேஷம்?"

"ஆஃப் சீசன்ம்மா! பேரிலேயே இருக்கே, ஆஃப்! ரூமெல்லாம் பாதி வாடகை. நமக்கும் வேலை கிடையாது. மழையில யாரு ஏசி போடுவா? என்ன, மழை மட்டும் கொஞ்சம் ஊத்தும். துணி காயாது. உனக்கு வேற சளி பிடிக்கும்…"

"சரி."

"வெளியில தலைகாட்ட முடியாது. கொசு வேற…"

"சரிங்க, போலாம்."

கூலிங் சாருக்கு வியர்த்தது.

அவள் எந்த வேலையில் இருக்கிறாள் என்பதை அவர் மறந்திருக்கக் கூடாது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை அவளுடையது. பல் பிடுங்குகிற தேதியைத் தள்ளிப்போடுவதற்கு மனிதர்கள் சொல்லாத பொய்யே கிடையாது. திடீர்க் காய்ச்சல் வரும். திடீர்ப் பயணம் வரும். செத்துப்போன மாமாவே மறுபடி சாவார். எல்லாவற்றையும், "ஐயோ பாவம், அப்ப வியாழக்கிழமை வந்துடுங்க" என்று சிரித்துக்கொண்டே மடக்குகிறவள். அவளிடமே போய்ப் பல்லைக் காட்டினால் என்ன ஆகும்?

மறுநாள் அவர் கீழ்வீட்டு டிராவல்ஸ்காரரைப் பிடித்தார். அந்த ஆபீஸ் ஏசிக்கு இவர் காசு வாங்காமல் சர்வீஸ் பண்ணுகிறவர். அந்த உரிமையில் காதோடு காதாகச் சொன்னார்.

"சாயங்காலம் என் வீட்டுக்காரி வருவா. அவளைக் கொஞ்சம் பயமுறுத்தி அனுப்பணும்."

"அவங்களையா? நானா?" டிராவல்ஸ்காரர் தன் கடைவாய்ப் பல்லைத் தடவிக்கொண்டார். "அண்ணே, போன மாசம்தான் என்னை நாற்காலியில உக்கார வெச்சாங்க."

"அது வேற. இது வேற. கடல் கொந்தளிக்கும்னு சொல்லு. மத்ததை மழை பாத்துக்கும்."

சாயங்காலம் அவள் வந்தபோது கூலிங் சார் ஏசி ஃபில்டரைக் கழற்றி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தூசி தட்டுகிற பாவனையில் மூலையில் நின்றார். காது மட்டும் மேஜைப் பக்கம் இருந்தது.

"மழை மாசத்துல வேண்டாம்மா. அலை மாடி உயரத்துக்கு எழும்பும். படகையெல்லாம் நிறுத்திடுவாங்க."

"விமானம்?"

"அது… போகும்."

"ரூம்?"

"எல்லாமே காலியாத்தான் கிடக்கும்."

"ஓட்டல்ல ஆளுங்க இருப்பாங்கல்ல? சமையல், மத்த வேலைக்கெல்லாம்?"

"அவங்க எங்க போவாங்க? வேலையில்லாம ஈ ஓட்டிட்டு இருப்பாங்க."

"அப்ப பதிவு பண்ணிடுங்க. அந்த ஓட்டல் நம்பர் மட்டும் எனக்குக் குடுங்க." மூலைப் பக்கம் திரும்பினாள். "ஏங்க, தூசி போதும். வீட்டுக்கு வாங்க."

ஃபில்டருக்குப் பின்னால் கூலிங் சார் தும்மினார்.

படியேறும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. படகு கிடையாது. கடலில் இறங்க விடமாட்டார்கள். அப்புறம் என்ன பயம்? தீவுக்குப் போன மாதிரியும் ஆச்சு, தண்ணியில கால் வைக்காத மாதிரியும் ஆச்சு! அன்றிலிருந்து மனுஷர் ஒரே மிதப்பில் இருந்தார். நீச்சல் உடைகூட வாங்கினார், கடைக்காரர் காதில் விழும்படி, "ஆழ்கடலுக்குத் தாங்குமா?" என்று கேட்டு.

தீவு அவரை ஏமாற்றவில்லை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கரை நெடுகச் சிவப்புக் கொடி. ஓட்டலில் இவர்களை விட்டால் வேறு ஈ காக்கை இல்லை. கூலிங் சார் வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"சே! கடல் மட்டும் சும்மா இருந்திருந்தா, அதோ அந்தப் பாறை வரைக்கும் ஒரு வீச்சு போயிட்டு வந்திருப்பேன்."

"எனக்கும் அதே வருத்தம்தாங்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. வாசலை அடைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். கழுத்தில் விசில், கையில் வாத்து பொம்மை போட்ட ரப்பர் வளையம்.

"நீச்சல் மாஸ்டர் சார். மேடம் போன்ல சொல்லியிருந்தாங்க. பின்னாடி குளம் கூரை போட்டது, மழை விழாது. வாங்க, ஆரம்பிக்கலாம்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

கூலிங் சார் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்கும்மா நீச்சல் மாஸ்டர்? நான்தான்…"

"ஏங்க, ஷவரைத் திறந்தாலே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, குழாயைக் கெட்டியாப் பிடிச்சிட்டு நிக்கிறவர் நீங்க. கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரியும்."

"இத்தனை வருஷமா நீ ஒரு வார்த்தை சொல்லலையே!"

"பயப்படறது ஒரு குத்தமா, சொல்லிக் காட்ட? நாலு பேர் பாத்தா நீங்க கூச்சப்படுவீங்க. இப்பத்தான் ஒருத்தரும் இல்லையே. மாஸ்டரும் சும்மா இருக்கார். போய்ட்டு வாங்க."

கூலிங் சார் உருகிப்போனார். அந்த நெகிழ்ச்சியில் வளையத்தை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பியேவிட்டார். குளத்தைப் பார்த்ததும் நெகிழ்ச்சி இறங்கிப் பயம் ஏறியது.

முதல் நாள் அவர் நீந்தியதைவிடக் கத்தியதுதான் அதிகம். மாஸ்டர் விசில் ஊதினால் இவர், "ஐயோ!" என்பார். இடுப்பளவுத் தண்ணீரில் மாஸ்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "விட்டுடாதீங்க, எனக்குக் குடும்பம் இருக்கு" என்று கெஞ்சினார். குளத்தில் பாதி அவர் வயிற்றுக்குள் போயிருக்கும். ஆனாலும் விடியும்போதெல்லாம் மாஸ்டர் வந்தார், மழையும் வந்தது, மனைவி கையசைத்து வழியனுப்பினாள்.

கடைசியில் ஒரு காலை, மாஸ்டர் சத்தமில்லாமல் கையை எடுத்தார். கூலிங் சார் முங்கவில்லை. மல்லாந்து கிடந்தார். காதுக்குள் தண்ணீர் குளுகுளுவென்று ஏதோ பேசியது. மேலே கூரையில் மழைச் சத்தம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தண்ணீரில் சும்மா இருந்தார்.

"மாஸ்டர்! நான் மிதக்கிறேன்!"

வாயைத் திறந்ததில் கொஞ்சம் உள்ளே போனது. பரவாயில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு, சொட்டச் சொட்ட வராந்தாவுக்கு ஓடினார். மனைவி சாய்வு நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து, ஆவி பறக்கும் டீயோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நிம்மதியாக அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. போன் இல்லை, பல் வலி என்று யாரும் வரவில்லை.

"மிதந்துட்டேன்ம்மா! கையை விட்டதும் அப்படியே மிதந்துட்டேன்!"

"எனக்குத் தெரியுங்க, உங்களால முடியும்." தலையைத் துவட்டிவிட்டாள்.

"எல்லாம் உன்னாலதான். எழுந்திரு, நீயும் வா. ரெண்டு பேரும் சேர்ந்து இறங்கலாம்."

"நானா?" அவள் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "கடலைப் பாக்கணும்னுதானே கேட்டேன். எறங்கணும்னு எப்பங்க சொன்னேன்? எனக்குத் தண்ணின்னா பயமாச்சே!"