நிழல் விழாத விளக்கு

பிரஸ் மிஷின்களுக்கு நடுவே நின்றுகொண்டு கேன்டீன் சமையல்காரி தாயாரம்மாள் கத்தியதில் பாதிதான் துளசிராமன் காதில் விழுந்தது.

"சமையக்கட்டுல வெளக்கில்லாம ரொம்ப பேஜாரா கீது சார். இப்டியே போனா வேலைய உட்டுட்டு எங்க ஊரு ஆரம்பாக்கத்துலயே குந்திக்குவேன்."

துளசிராமனுக்குத் திக்கென்றது. கும்மிடிப்பூண்டியில் இருந்த அந்த போல்ட்டு ஃபேக்டரியில் அவர் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். கேன்டீன் கமிட்டிக்கும் அவர்தான் செயலாளர். செவ்வாப்பேட்டையிலிருந்து விடியுமுன் கிளம்பி இரண்டு ரயில் மாறி வருகிறவருக்குத் தாயாரம்மாளின் மடவைமீன் குழம்புதான் அன்றைய நாளின் ஒரே சுகம். அவளுக்கு முன்னால் இருந்தவர் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுத் தொழிலாளர்கள் ஒருமுறை மத்தியானத்துக்கு மேல் மிஷினைத் தொட மறுத்திருந்தார்கள்.

"கவலைப்படாதீங்க, நான் ஏற்பாடு பண்றேன்" என்று அவரும் கத்தினார். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

போய்ப் பார்த்தால், சமையற்கட்டில் கரி படிந்த ஒரே ஒரு குண்டு பல்பு. அதுவும் அடுப்புக்கு எதிர்ச்சுவரில். குனிந்தால் அவள் நிழல் அவள் சட்டிக்குள்ளேயே விழுந்தது. துளசிராமனுக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் எல்லோரும் அவரிடம் மோட்டார் ஓடவில்லை, ஃபியூஸ் போய்விட்டது என்றுதான் வந்திருக்கிறார்கள். வெளிச்சம் வேண்டும் என்று யாரும் வந்ததில்லை. விளக்குக் கம்பெனிகளின் கேட்லாக்குகளை ரயிலில் வரிவரியாகப் படித்தார். பக்கத்து சீட்டுக்காரர் பரீட்சைக்கா என்று விசாரித்தார்.

மறுநாள் அளவு நாடாவோடு வந்தார்.

"வெறும் வாட்ஸைப் பார்த்து பல்பு வாங்கக் கூடாது தாயாரம்மா. வாட்ஸுங்கறது பல்பு சாப்பிடறது. லூமன்ஸுங்கறது அது வேலை செய்யறது."

"அப்போ எங்க ஊட்டுக்காரருக்கு வாட்ஸு மட்டுந்தான் சார்" என்றாள் அவள், அண்டாவைத் தேய்த்துக்கொண்டே.

முதலில் அடுப்புக்கு மேலும் சாப்பாட்டு மேஜைகளுக்கு மேலும் எனாமல் மூடி போட்ட பெரிய பல்புகளைத் தொங்கவிட்டார். அன்று மத்தியானம் ஃபிட்டர் தாவீது தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"நேத்து வச்ச கொழம்பு இன்னும் ஓரத்துல கீது, பாரு."

பக்கத்தில் இருந்தவனும் தன் தட்டைச் சாய்த்தான். வரிசையாகத் தட்டுகள் சமையற்கட்டுக்குத் திரும்பின. தாயாரம்மாள் சாம்பலும் தேங்காய் நாருமாக உட்கார்ந்தாள்.

"எப்படி, வெளிச்சம் போதுமா?"

"வெளிச்சத்துக்கு இன்னா கொறை சார். நான் கேட்டதுதான் இன்னும் வரல."

துளசிராமன் யோசித்தார். பல்பு கண்ணைக் கூசவைக்கும், சூடு வேறு. அவள் மனசில் இருப்பது டியூப் லைட்டாகத்தான் இருக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறாள்.

டியூப் லைட் வந்தது. பகல் மாதிரி அடித்த அந்த வெள்ளை வெளிச்சத்தில் டம்ளர்களின் காப்பிக் கறை தெரிந்தது, கரண்டிக் காம்புகளின் பிசுக்கு தெரிந்தது. மீன் குழம்பு லேசாக நீலம் பாய்ந்து தெரிந்தது. மேனேஜர் வீரராகவன் தன் டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடிக்காமலே கீழே வைத்தார். இனிமேல் எல்லாப் பாத்திரங்களையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை தேய்க்க வேண்டும் என்று சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது.

"சார், அது எப்போ வரும்?" என்று கேட்டாள் தாயாரம்மாள். குரல் இறங்கியிருந்தது.

"வருது, வருது. நல்லதா பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அவர் மெட்ராஸ் கடைகளுக்கே போனார். பால் நிறத்தில் உருண்டையான கண்ணாடிக் கூடுகளை வைக்கோல் சுற்றி மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார். வெளிச்சத்தை அப்படியே அடிக்காமல் பரப்பிக் கொடுக்கும் என்று கேட்லாக் சொன்னது. சுவரும் கூரையும் வெள்ளையாக இருந்தால் திருப்பி அனுப்பும் என்றும் சொன்னது. ஆகவே சுண்ணாம்பு அடிக்க வைத்தார். அடித்தவர்கள் சுவருக்குப் பாதியும் பாத்திரங்களுக்குப் பாதியும் அடித்துவிட்டுப் போனார்கள். அவற்றையும் தாயாரம்மாள்தான் தேய்த்தாள்.

சனிக்கிழமை விளக்கைப் போட்டபோது துளசிராமனுக்கே புல்லரித்தது. எங்கும் நிழல் இல்லை. மூலையில் இருந்த பெரிய அண்டாவின் அடிவயிறு வரை தெரிந்தது. அதில் அடிப்பிடித்த கறையும் தெரிந்தது.

தாயாரம்மாள் விளக்கைப் பார்க்கவில்லை. மாற்றுப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழமையிலேருந்து நான் வரல சார்."

துளசிராமன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இதிலயும் குறையா? சொல்லுங்க, மாத்திடறேன்."

"உங்க மேல இன்னா கோவம் சார். நீங்க நல்ல மனுசரு. எத்தினி வாட்டி ஏணி ஏறினீங்க." அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "இதுங்களால முடியல, அவ்ளோதான்."

நிழலே விழாத அந்த வெளிச்சத்தில், சாம்பல் அரித்த விரல்களின் வெடிப்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. வெளிச்சம் போதாமல் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறாளே என்று துளசிராமன் தன்னையே நொந்துகொண்டார்.

"ஒரே ஒரு வாரம் பொறுத்துக்குங்க, தாயாரம்மா. கப்பல்ல போடற விளக்கு இருக்காம். ஆவி, எண்ணெய், எதுவும் ஒண்ணும் செய்யாது. அடுப்புக்கு ரெண்டு பக்கமும் போட்டுடறேன். நீங்க கேட்ட மாதிரியே அமைஞ்சுடும்."

தாயாரம்மாள் பையைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காய் நறுக்க மட்டும் வருகிற எல்லம்மா, ஓரமாக உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்தபடி, அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"வெளக்கு யாரு சார் கேட்டா? அது கேட்டது பாத்திரம் வெளக்க ஒரு ஆளு."